ஒரே கை, இரண்டு தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை நடை முடிந்ததும், எங்கள் விளாங்குடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் காலி மனையின் ஓரம் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். போன மாதம் இரண்டு தெருக்களுக்குள் மேட்ச். எங்கள் தெருப் பையன் ஒருவன், பதிமூன்று வயதிருக்கும், சுழற்பந்து போட்டான். ஒரு முனையில் அம்பயராக நின்ற கல்லூரி மாணவர் ஒரே ஓவரில் மூன்று தடவை "மாங்கா! நோ பால்!" என்று கையை நீட்டினார். மறு முனையிலிருந்து போட்டபோது அங்கே நின்ற அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை.

மாங்கா என்றால் உங்களுக்குத் தெரியும். மரத்தில் மாங்காய்க்குக் கல்லெறிவது போல முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிவது.

மேட்ச் முடிந்ததும் பையன் என்னிடம் வந்தான். "தாத்தா, நெசமாவே நான் மாங்கா அடிக்கிறேனா? அந்தப் பக்கத்து அண்ணன் ஒண்ணுமே சொல்லலையே? இனிமே நான் பந்தே போடல" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனை உட்கார வைத்து ஒரு பழைய கதை சொன்னேன்.

1995 டிசம்பர் 26. மெல்பர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் டெஸ்ட். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். பந்து போட்டவர் முத்தையா முரளிதரன், வயது 23. கண்டியில் பிறந்த தமிழர். அவருடைய தாத்தா நம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர். அம்பயர் டாரெல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை, எறிகிறார் என்று நோ பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்கா முரளியை மறு முனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் டன். அவர் பக்கமிருந்து முரளி மேலும் பன்னிரண்டு ஓவர்கள் போட்டார். ஒரு நோ பால்கூட எறிந்ததற்காக வரவில்லை.

மறுநாள் பேப்பரில் இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். டிக்டே என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிக்க, நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுத்தின் மேல் போடும் சின்னக் கோடு விட்டுப்போனால் ஒருவர் அரை மார்க் குறைப்பார், இன்னொருவர் முழு மார்க் குறைப்பார். ஒரு வாத்தியாரிடம் நான் கெட்டிக்காரன், மற்றவரிடம் மக்கு. பிற்பாடு குமாஸ்தாவாக உட்கார்ந்தபோதும் இதையேதான் பார்த்தேன். ஒரு மேஜையில் திரும்பிய மனு, அடுத்த மேஜையில் கையெழுத்தாகிவிடும். விதி ஒன்றுதான், படிக்கிற கண்தான் வேறு.

அடுத்த பத்தாம் நாள், 1996 ஜனவரி 5 அன்று, பிரிஸ்பேன் ஒருநாள் போட்டியில் அம்பயர் ராஸ் எமர்சன் முரளிக்கு மீண்டும் நோ பால் கொடுத்தார். 1999 ஜனவரி 23 அன்று அடிலெய்டில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அதே எமர்சன் மறுபடியும் கையை நீட்டினார். ரணதுங்கா அணியோடு எல்லைக்கோடு வரை நடந்துவிட்டார். ஆட்டம் சில நிமிஷம் நின்றது. பிறகு தொடர்ந்து ஆடி, ஒரு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கை ஜெயித்தது.

முரளிக்கு அப்படி ஒரு கேப்டன் வாய்த்தார். ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃபுக்கு அது வாய்க்கவில்லை. 1963 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் அம்பயர் கொலின் ஈகர் ஒரே ஓவரில் நான்கு முறை நோ பால் கொடுத்தார். கேப்டன் அதன் பிறகு அவரிடம் பந்தைத் தரவில்லை. அந்த டெஸ்டோடு மெக்கிஃப் கிரிக்கெட்டை விட்டே விலகிவிட்டார்.

முழங்கை வளைந்திருப்பது குற்றமல்ல என்பது பலருக்குத் தெரியாது. கை தோள் மட்டத்துக்கு உயர்ந்த பிறகு, பந்து விரலை விட்டுப் போவதற்குள் முழங்கை நிமிரக் கூடாது என்பதுதான் விதி. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. அதனால் சிலர் கண்ணுக்கு அது எறிவதாகத் தெரிந்தது. 2004-இல் உலோகக் கம்பிகள் வைத்த கட்டு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் தன் பந்துகளைப் போட்டுக் காட்டினார்.

அதே வருஷம் சாம்பியன்ஸ் டிராபியில் அதிவேகக் கேமரா வைத்துப் பந்து வீச்சாளர்களைப் படம் பிடித்தார்கள். அநேகமாக எல்லோருடைய முழங்கையும் கொஞ்சமாவது நிமிர்கிறது என்று தெரிந்தது. அதுவரை வேகப்பந்துக்கு 10 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று தனித்தனியாக இருந்த அளவு, 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 டிகிரி ஆயிற்று. சந்தேகம் வந்தால் அம்பயர் ஆட்டம் முடிந்து எழுதிக் கொடுக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்ப்பார்கள். 2010 ஜூலை 22 அன்று காலியில், நம் பிரக்யான் ஓஜாவை அவுட்டாக்கி 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு முரளி விடைபெற்றார்.

பையன் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் எறியலையா தாத்தா?" என்றான். "எனக்குத் தெரியாதுப்பா. பதினைந்து டிகிரியை அளக்க என் கண்ணாடிக்குச் சக்தி கிடையாது" என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு அம்பயர் தம்பிகளையும் கூப்பிட்டுப் பேசினேன். ஊர் பார்க்கக் கத்த வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள் என்றேன். நோ பால் கொடுத்த தம்பியே செல்போனில் படம் எடுத்து, ஓட்டத்தைக் குறைத்துக் காட்டினார். மெதுவான பந்துகளில் முழங்கை அப்படியே இருந்தது. வேகமாகத் தள்ளும் பந்தில் மட்டும் பளிச்சென்று நிமிர்ந்தது. ஆக, இரண்டு அம்பயர்களும் பாதி பாதி சரி.

பையன் அந்த வேகப்பந்தை விட்டுவிட்டான். பந்து போடுவதை விடவில்லை.