இடைநீக்கமும் நீதிமன்றமும்: காவல்துறையில் ஓர் அதிகாரத்தின் வரலாறு

இந்தியாவில் காவலர் ஒருவரைப் பணியிலிருந்து விலக்கிவைக்கும் அதிகாரம் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வேர்கொண்டது. 1859ஆம் ஆண்டிலேயே மதராஸ் மாகாணம் தனக்கெனக் காவல் சட்டம் ஒன்றைப் பெற்றிருந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் வந்த 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கடமையில் அசட்டையானவர் அல்லது தகுதியற்றவர் என்று மேலதிகாரி கருதும் கீழ்நிலைக் காவலரைப் பணிநீக்கம் செய்யவும், இடைநீக்கம் செய்யவும், பதவியிறக்கவும், பதினைந்து நாள்வரை காவலர் குடியிருப்பில் அடைத்துவைக்கவும் இடமளித்தது. இடைநீக்கத்தால் ஒருவர் காவலர் என்ற நிலையை இழப்பதில்லை என்று அதன் 8ஆம் பிரிவு கூறியது. அவருடைய அதிகாரங்கள் மட்டும் செயலற்றுப்போகும். ஒழுங்குக் கட்டுப்பாடுகள் முன்போலவே அவரைப் பிணைக்கும். உரிமைகளை நிறுத்திவைத்துக் கடமைகளை மட்டும் நீடிக்கச் செய்த இந்த ஏற்பாடே பிற்கால வழக்குகள் பலவற்றின் மூலக்காரணம்.

அக்காலத்தில் அரசு ஊழியர் மன்னரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவி வகிப்பவராகக் கருதப்பட்டதால், நீதிமன்றத்தின் வாயில் அவருக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. மதராஸ் மாகாணத்தின் காவல் சார்பு ஆய்வாளர் ஒருவர் தொடுத்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1937ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ரங்காச்சாரி வழக்கில் அந்தக் கதவு சற்றே திறந்தது. நியமித்த அதிகாரியினும் தாழ்ந்த நிலையில் உள்ளவர் ஒருவரைப் பணிநீக்கம் செய்தால் அது செல்லாது என்று அங்கு தீர்ப்பாயிற்று. இப்பாதுகாப்பு பின்னர் அரசியலமைப்பின் 311ஆவது உறுப்பில் இடம்பெற்றது. தக்க விசாரணை நடத்திக் குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்பதையும் அவ்வுறுப்பு வலியுறுத்துகிறது.

ஆயினும் 311ஆவது உறுப்பு பணிநீக்கம், பணியறவு, பதவியிறக்கம் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. விசாரணை முடியும்வரை ஒருவரை ஒதுக்கிவைப்பது தண்டனையன்று என்பதால், இடைநீக்கத்துக்கு முன் விளக்கம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீதிமன்றங்கள் முடிவுசெய்தன. சட்ட நோக்கில் இது சரியே எனினும், சீருடையை இழந்து, தலைமையிடத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறவும் இயலாமல், பிழைப்பூதியம் எனப்படும் குறைந்த தொகையில் குடும்பம் நடத்துபவருக்கு அது தண்டனைக்குச் சற்றும் குறைந்ததன்று. அத்தொகையும் வழங்கப்படாததால் தொலைவில் நடந்த துறை விசாரணைக்குச் செல்ல முடியாத மத்தியப் பிரதேச வன அலுவலர் ஒருவரின் வழக்கில், அவ்விசாரணையின் அடிப்படையில் அமைந்த பணிநீக்கம் செல்லாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் கூறியது, இத்துயரை நீதிமன்றம் கண்கொண்டு பார்த்ததற்குச் சான்று.

தமிழ்நாட்டில் கீழ்நிலைக் காவலர்கள் மீதான நடவடிக்கைகள் 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி நடைபெறுகின்றன. கடுந்தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையை விதி எண்ணாலேயே ‘3(பி)’ என்று காவலர்கள் சுட்டுவர். துறைக்குள் முறையிட்டுப் பயன் காணாதவர் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்கிறார். அம்மனுக்களில் காலத்தின் நீளம் முதன்மையான வாதமாக வளர்ந்ததற்கு 2015ஆம் ஆண்டின் அஜய் குமார் சவுத்ரி வழக்கு பெருந்துணை புரிந்தது. மூன்று மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால் இடைநீக்கம் அதற்குமேல் நீடிக்கக் கூடாது என்றும், வழங்கப்பட்டிருந்தால் நீட்டிப்புக்குக் காரணங்கள் எழுதப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அதில் வகுத்தது.

2018இல் தமிழ்நாட்டின் மூத்த ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரின் வழக்கிலும் இக்கேள்வி எழுந்தது. ஆறாண்டுகளுக்கும் மேலாக நீண்ட இடைநீக்கத்தைத் தொடர்வதால் பயனில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் ஒப்புதல் பெறாத குற்றச்சாட்டுக் குறிப்பாணையையும் செல்லாததாக்கியது. ஒப்புதல் பெற்றுப் புதிய குறிப்பாணை வழங்கும் உரிமையை அரசிடமே விட்டுவைத்தது.