க்ளீனா, டர்ட்டியா? நேட் விமானம் சொல்லும் கான்ஃபிகரேஷன் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வேளச்சேரியிலிருந்து இன்னொரு எபிசோடு.

போர் விமான சிமுலேட்டர் விளையாடுறவங்களுக்கு இந்த மெனு நல்லாவே தெரியும். கிளம்புறதுக்கு முன்னாடி இறக்கைக்குக் கீழே எதை மாட்டணும், எவ்வளவு எரிபொருள் வேணும்னு கேட்கும். அங்கேயும் பயிற்சிக் குறிப்புகளிலும் சில வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும்: க்ளீன், டர்ட்டி, பைலான், ட்ராப் டேங்க், ஜெட்டிசன். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பெயர், கான்ஃபிகரேஷன்.

புதுசா ஆடுறவங்க பலரும் அந்த மெனுவில் கிடைக்கிற எல்லாத்தையும் மாட்டிட்டுப் போவாங்க. அப்புறம் விமானம் ஏன் திரும்ப மாட்டேங்குதுன்னு குழம்புவாங்க. இந்த வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு: எதை வாங்க, எதை விட்டுக்கொடுக்கிறோம்? அந்தக் கணக்கை நிஜமாவே போட்டுப் பார்த்த ஒரு விமானம் நம்ம விமானப்படையில் இருந்தது. பெயர் ஃபோலண்ட் நேட்.

முதலில், க்ளீன்னா என்ன?

நம்ம பகுதி மொட்டை மாடியில் நின்னு, மீனம்பாக்கத்தில் இறங்கப் போற விமானத்தைப் பாருங்க. சக்கரம் வெளியே தொங்கும். இறக்கையின் பின் விளிம்பு கீழே மடங்கியிருக்கும், அதுதான் ஃபிளாப். இந்த நிலைக்கு லேண்டிங் கான்ஃபிகரேஷன்னு பெயர். பைலட்டுகள் பேச்சில் சொன்னா, 'டர்ட்டி'. அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. காற்றோட்டத்தைத் தடுக்கிற பொருட்கள் வெளியே நீட்டிட்டு இருக்குன்னு அர்த்தம்.

சக்கரம், ஃபிளாப் எல்லாம் உள்ளே போயிட்டா அது 'க்ளீன்'. போர் விமானத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: இறக்கைக்குக் கீழே குண்டு, ஏவுகணை, டேங்க் எதுவும் தொங்கக் கூடாது.

இது ஏன் முக்கியம்? காற்று பின்னால் இழுக்கிற விசை, அதாவது டிராக், வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் ஏர்பஸ் ஏ320 மாதிரி பயணிகள் விமானத்தில் 250 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல், சக்கரத்தை வெளியே விடக் கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க.

சக்கரத்தையே பிரேக்காக்கிய விமானம்

1950களில் போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனமாகவும் விலை கூடியும் போயிட்டிருந்தன. கேன்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த பிரிட்டிஷ் பொறியாளர் டெடி பெட்டர் எதிர்த்திசையில் யோசித்தார்: சின்னதா, மலிவா ஒண்ணு செஞ்சா என்ன? 1955 ஜூலையில் நேட் முதல் முறையாகப் பறந்தது. நீளம் 9 மீட்டர்கூட இல்லை. நம்ம எம்டிசி பஸ் அதைவிட நீளம்.

பிரிட்டன் அதைச் சண்டை விமானமா எடுத்துக்கல, பயிற்சி விமானமா மட்டும் வாங்கியது. இந்தியா சண்டைக்கே வாங்கியது. பெங்களூரு ஹெச்ஏஎல் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது.

இவ்வளவு சின்ன உடம்பில் எல்லாத்துக்கும் இடம் வேணுமே? நடுவானில் வேகத்தைக் குறைக்க மற்ற ஜெட்களில் ஏர்பிரேக்னு தனி உறுப்பு இருக்கும். நேட்டில் கிடையாது. பைலட் ஏர்பிரேக் கேட்டால், சக்கரங்களும் அவற்றின் மூடிகளும் பாதி மட்டும் வெளியே வரும். அவ்வளவுதான், அதுவே பிரேக். ஒரே உறுப்பு, இரண்டு வேலை. எடை மிச்சம், இடம் மிச்சம். கோடு எழுதுறவங்களுக்கு இது பழக்கமான ஆசை. அதன் ஆபத்தும் பழக்கம்: ஒண்ணு கெட்டா இரண்டும் போகும். நேட்டின் ஹைட்ராலிக்கும், மூக்கை ஏற்றி இறக்குகிற கட்டுப்பாடும் விமானப்படைக்கு நீண்ட காலம் தலைவலியாகவே இருந்தன.

பாய்ரா, 1971

நேட்டின் ஆயுதம் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். இரண்டும் உடம்புக்குள்ளேயே, காற்று உள்ளே போகிற வாய்களை ஒட்டிப் பதித்திருக்கும். இதன் பொருளைக் கவனிங்க: இறக்கைக்குக் கீழே ஒண்ணுமே மாட்டாமல் முழு க்ளீனா போனாலும் நேட் சண்டை போடத் தயார்.

1971 நவம்பர் 22. போர் இன்னும் அறிவிக்கப்படல. கிழக்கு எல்லையில் பாய்ரா அருகே பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கிட்டிருந்தன. கொல்கத்தா டம்டம் தளத்திலிருந்து 22-ஆவது ஸ்குவாட்ரனின் நான்கு நேட்கள் கிளம்பின. ராய் மாஸி, சோரஸ், கணபதி, டொனால்ட் லாசரஸ். பத்து நிமிடத்துக்குள் சண்டை. சேபரின் இறக்கை அகலம் 11 மீட்டருக்கு மேல். நேட்டுக்கு 7 மீட்டர்கூட இல்லை. எதிரியின் கண்ணில் படுவதே கஷ்டம். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட இரண்டு பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997-இல் அவர் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். நேட்டுக்கு 'சேபர் ஸ்லேயர்' என்ற பட்டப்பெயரும் நிலைத்தது.

ஸ்ரீநகர், டிசம்பர் 14

ஆனால் எந்த விமானமும் க்ளீனாகப் பிறப்பதில்லை. ஓடுபாதையில் ஓடும்போது சக்கரம் வெளியே, வேகம் குறைவு, உயரம் பூஜ்யம். எதிரிக்கு அதைவிட வசதியான நேரம் வேறில்லை. சிமுலேட்டரில் அப்படி மாட்டினால் ரீஸ்டார்ட் பட்டன் இருக்கு.

ஸ்ரீநகர் தளத்தை ஆறு சேபர்கள் தாக்கியபோது, 18-ஆவது ஸ்குவாட்ரனின் நிர்மல் ஜித் சிங் செகோன், ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே தன் நேட்டை மேலே எழுப்பினார். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான எதிரிகளோடு தாழ்வான உயரத்தில் சண்டையிட்டு வீரமரணம் அடைந்தார். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர்தான்.

டேங்கா, குண்டா?

சின்ன விமானத்தின் இன்னொரு விலை எரிபொருள். உள்ளே இடமில்லை, அதனால் தூரம் போகணும்னா இறக்கைக்குக் கீழே கூடுதல் தொட்டி மாட்டணும். அதுதான் ட்ராப் டேங்க். மாட்டுகிற தாங்கிக்குப் பெயர் பைலான். காலியான டேங்கும் காற்றை இழுக்கும். அதனால் சண்டை வந்தால் அதைக் கழற்றி விடுவாங்க, அதுதான் ஜெட்டிசன். டேங்க் உட்கார்ந்த இடத்தில் குண்டு உட்கார முடியாது என்பது தனிக் கஷ்டம்.

ஹெச்ஏஎல் இதைத்தான் அஜீத்தில் சரிசெய்தது. 1975-இல் பறந்த இந்த மேம்பட்ட நேட்டில் இறக்கைக்குள்ளேயே எரிபொருள் வைத்தார்கள். பைலான்கள் ஆயுதத்துக்குக் கிடைத்தன. 1991 வரை அஜீத் சேவையில் இருந்தது.

செகோனின் 18-ஆவது ஸ்குவாட்ரனுக்குப் பிறகு என்ன ஆச்சு தெரியுமா? 2020 மே 27 அன்று கோயம்புத்தூர் பக்கம் சூலூரில், தேஜஸ் விமானங்களோடு அது மறுபடி செயல்பாட்டுக்கு வந்தது. தேஜஸில் வெளியே மாட்ட எட்டு இடங்கள் இருக்கு. எதில் டேங்க், எதில் ஏவுகணை, எதைக் காலியா விடணும்னு ஒவ்வொரு தடவையும் யாரோ முடிவெடுக்கிறாங்க. கணக்கு அதே கணக்கு.

அதனால் அடுத்த முறை சிமுலேட்டரில் அந்த மெனு வந்தால், எல்லாத்தையும் மாட்டாதீங்க. முதலில் மூணு கேள்வி: எவ்வளவு தூரம் போகணும்? அங்கே என்ன செய்யணும்? எதிரி வந்தால் எதைக் கழற்றி எறிவேன்? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, அந்த லோட்அவுட் இன்னும் தயாராகல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.