ஞாயித்துக்கிழமை கோயில், திங்கக்கிழமை சந்தை

போன மாசம் தங்கச்சி மகன் பெங்களூர்ல இருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு, வர்ற தை மாசத்துல இருந்து தோட்டத்தைப் பார்க்கப் போறதா முடிவு பண்ணிட்டான். திண்ணையில உக்காந்ததும் போனை என்கிட்ட நீட்டினான்.

"மாமா, ஹைலக்ஸா, வி-கிராஸா? நீங்களே சொல்லுங்க."

பக்கத்துல சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்த தங்கச்சி எட்டிப் பார்த்தா. "வண்டி நல்லாத்தான் இருக்குது. இதுல தக்காளிய எங்கடா ஏத்துவே?" பையன் அடுத்த படத்தைத் தள்ளினான். நம்ம ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற மஞ்சள் போர்டு பிக்கப். அதையும் பார்த்துட்டு, "சரி, இதுல நான் எங்கடா உக்காருவேன்?"ன்னா.

பையன் சிரிச்சுட்டான். எனக்குச் சிரிப்பு வரலை. பிக்கப் வண்டியோட நூறு வருஷ சரித்திரமே இந்த ரெண்டு கேள்விக்குள்ள அடங்கிடும். அன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி இங்க எழுதறேன். நகரத்துல இருந்துட்டு, ஊர்ல நிலம் வாங்கி, கூடவே ஒரு நாலு சக்கர டிரைவ் வண்டியும் வாங்கணும்னு கனவு காணற நண்பர்களுக்கும் உதவலாம்.

பிக்கப் பிறந்ததுல கம்பெனிகளுக்கு மட்டும் இல்லை, விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவுல ஃபோர்டு மாடல் டி கார் வந்தப்போ, அதோட பின்பக்கத்தை அறுத்து எடுத்துட்டு ஒரு மரப்பெட்டியை மாட்டி சோளமும் பால் கேனும் ஏத்திட்டுப் போனாங்க. இதைப் பல வருஷம் பார்த்துட்டு, 1925ல ஃபோர்டு கம்பெனியே பெட்டி வெச்ச மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையில இருந்து விக்க ஆரம்பிச்சுது. நம்மாளுங்க பழைய டீசல் எஞ்சினைப் பிடிச்சு மோட்டார் வண்டியா மாத்தற மாதிரிதான் அதுவும்.

ஆனா என் மனசுல நிக்கறது ஆஸ்திரேலியாக் கதைதான். விக்டோரியா மாநிலத்துல கிப்ஸ்லாந்துன்னு ஒரு விவசாயப் பகுதி. 1930களோட தொடக்கம், உலகம் பூரா பெரும் பஞ்ச காலம். அங்கிருந்து ஒரு விவசாயியோட மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடுதாசி போட்டாங்க. ஞாயித்துக்கிழமை மழையில நனையாம சர்ச்சுக்குப் போகணும், திங்கக்கிழமை அதே வண்டியில பன்னிகளைச் சந்தைக்குக் கொண்டு போகணும், அப்படி ஒரு வண்டி செஞ்சு கொடுங்கன்னு. ரெண்டு வண்டி வாங்க அவங்ககிட்ட வசதி இல்லை. உழைக்கற வண்டின்னா கடன் கொடுத்த பேங்க், சொகுசுக் காருக்குக் கொடுக்கலைன்னும் சொல்வாங்க.

அந்தக் கடுதாசி கீலாங் ஊர்த் தொழிற்சாலையில லூயிஸ் பேண்ட்டுங்கற இளம் வடிவமைப்பாளர் கைக்குப் போச்சு. இருபதைத் தாண்டி ரெண்டு மூணு வயசுதான் இருக்கும். முன்னாடி கண்ணாடி ஏத்தி இறக்கற கார் மாதிரி உக்கார்ற இடம், பின்னாடி திறந்த பெட்டி, ரெண்டும் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியாம ஒரே உடம்பா வரைஞ்சார். 1934ல வண்டி வெளிய வந்துது. ஆஸ்திரேலியாக்காரங்க இன்னிக்கும் 'யூட்'னு கூப்பிடற வண்டி வம்சம் இதுதான். வரைஞ்சவர் பேர் சரித்திரத்துல இருக்கு. கேட்ட அம்மாவோட பேர் எங்கயும் இல்லை.

'ரெண்டுக்கும் ஒரே வண்டி'ங்கறதுதான் பிக்கப்போட பிறவிக் கணக்கு. அதுக்கப்புறம் வந்த சரித்திரம் பூரா அந்த ஒண்ணை ரெண்டாப் பிரிச்ச கதை. பிரிச்சது பாதி சந்தை, பாதி சட்டம்.

சட்டம் எப்படிப் பிரிக்கும்ங்கறதுக்கு ஒரு கோழிக் கதை இருக்கு. 1960கள்ல அமெரிக்காவோட பண்ணைக் கோழி ஐரோப்பாவுல மலிவா வந்து இறங்குச்சு. அங்கத்திய கோழிக்காரங்க தாங்க முடியாம கத்த, ஐரோப்பிய நாடுகள் கோழிக்கு வரி போட்டுது. பதிலுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பர்ல நாலு பொருளுக்கு 25 சதவீத வரி போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அப்புறம் சின்ன டிரக். முதல் மூணோட வரி பின்னால எடுபட்டுப் போச்சு. டிரக் வரி மட்டும் அறுபது வருஷம் தாண்டியும் நிக்குது. அதுக்கு இன்னிக்கும் பேரே 'கோழி வரி'தான். வெளிநாட்டுப் பிக்கப் உள்ளே வர்றது கஷ்டமாக, அமெரிக்கப் பிக்கப் பெரிய போட்டியில்லாம உடம்பு வளர்த்துக்கிச்சு. நடுத்தர அளவு வண்டி வேற நாடுகள்ல வளர்ந்துது.

அதுல தலையானது டொயோட்டா ஹைலக்ஸ். 1968ல ஜப்பான்ல ஹினோ கம்பெனித் தொழிற்சாலையில செஞ்சாங்க. ஒண்ணரை லிட்டர் எஞ்சின், ஒரு டன் பாரம். காடு மலை ஏறற சாகசமெல்லாம் அப்போ இல்லை. நாலு சக்கரமும் இழுக்கற ஹைலக்ஸ் 1979லதான் வந்துது. அப்புறம் அது போகாத இடம் இல்லை. 1987ல ஆப்பிரிக்காவுல சாட் நாட்டுப் படைகள் டொயோட்டா பிக்கப்புகள்ல துப்பாக்கியை மாட்டி, லிபியாவோட டாங்கிகளைப் பாலைவனத்துல விரட்டுச்சு. அந்தச் சண்டைக்கே 'டொயோட்டா போர்'னு பேர் வந்துருச்சு.

தாய்லாந்துல கதை வேற மாதிரி. அங்க பிக்கப்புக்கு காரைவிட வரி கம்மி. அதனால வாத்தியாரும் வியாபாரியும் விவசாயியும் குடும்ப வண்டியா பிக்கப்பையே வாங்கினாங்க. ஒரு டன் பிக்கப் செய்யறதுல அந்த நாடு உலகத்துலயே முன்னணிக்கு வந்துது. 2002ல இஸுசு டி-மேக்ஸ் அங்கதான் பிறந்துது. 2004ல டொயோட்டா புது ஹைலக்ஸை அங்கதான் இறக்குச்சு. அதே அடிச்சட்டத்துல இன்னொரு வண்டியும் செஞ்சாங்க. அது நம்ம ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு வர்ற இன்னோவா. மாப்பிள்ளை அழைப்புல நாம உக்காந்து போனது ஹைலக்ஸோட அண்ணன் தம்பிலதான்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1947ல மஹிந்திரா பம்பாயில வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பிச்சுது. மலைக்கும் சேத்துக்கும் ரொம்ப காலம் ஜீப்தான் துணை. சமவெளியில பாரத்துக்கு 'டெம்போ'. அது ஜெர்மனியில ஹாம்பர்க் பக்கம் இருந்த கம்பெனியோட பேர். 1958ல பஜாஜ் டெம்போ வந்து மூணு சக்கர வண்டி ஓட்ட, கம்பெனிப் பேரே வண்டி ஜாதிக்குப் பேராயிருச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் எல்லாச் சரக்கு வண்டியையும் டெம்போன்னுதான் சொன்னார். 1988ல டாடாமொபைல் வந்துது. 2000த்துல பொலீரோவும் 2005ல நம்ம குட்டி யானை டாடா ஏஸும் வந்துது. பொலீரோவோட பிக்கப் வடிவம் ஊர் ஊருக்கு நிறைஞ்சு போச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியக்காலம் போனீங்கன்னா வரிசை வரிசையா நிக்கறதைப் பார்க்கலாம்.

2016ல இஸுசு வி-கிராஸ் வந்துது. சென்னைக்குக் கொஞ்சம் வடக்க, ஆந்திர எல்லையில ஸ்ரீசிட்டியில செய்யற வண்டி. வந்தப்போ விலை பன்னெண்டு லட்சத்துச் சொச்சம். 2022ல ஹைலக்ஸ் வந்துது. ஆரம்ப விலையே 33.99 லட்சம். கிப்ஸ்லாந்து அம்மா கேட்ட வண்டி இங்க வர்றதுக்குள்ள அது பணக்காரங்க வண்டியாயிருச்சு.

இப்ப பையன் கேட்ட கேள்வி. ஒரு வாரம் பொறுடான்னு சொல்லிட்டு, அவன் சிநேகிதனோட வி-கிராஸை சனி ஞாயிறுக்கு வாங்கிட்டு வரச் சொன்னேன். எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரியில விட்டுப் பார்த்தோம். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு பள்ளம் குறுக்க ஓடுது. ஐப்பசி மழையில அந்தப் பள்ளத்துக் கரை சோப்பு மாதிரி வழுக்கும்.

வண்டி பிரமாதமா ஏறுச்சு, பொய் சொல்லக் கூடாது. லோ ரேஞ்சுல போட்டா சக்கரம் மெதுவா, ஆனா நல்ல பலத்தோட சுத்தும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கறதால ஒண்ணு வழுக்கினாலும் மத்தது பிடிச்சுக்குது. ஹைலக்ஸ்ல கூடுதலா பின் டிஃபரன்ஷியலை லாக் பண்ணலாம். ஒரு பின் சக்கரம் அந்தரத்துல சுத்தினாலும் மத்த சக்கரத்துக்கு இழுவை போகும். 2.8 லிட்டர் எஞ்சின், பலமும் அதிகம். நாள்பூரா மலையில கிடக்கறவங்களுக்கு அது தனி ரகம். தார் ரோட்டுலயும் ரெண்டும் கார் மாதிரி போகும், அஞ்சு பேர் சௌகரியமா உக்காரலாம்.

அப்புறம் தக்காளிப் பெட்டிகளை ஏத்தினோம். பின்னாடி பெட்டி நீளம் அஞ்சடிதான். பதினாலு கிலோப் பெட்டியில இருபது வெச்சதுமே, மேல அடுக்கலாமான்னு யோசிக்க வேண்டியதாச்சு. 1.7 டன் பொலீரோ பிக்கப்ல ஒம்பதடிப் பெட்டி, நூறு பெட்டிக்கு மேல தாங்கும். இதுல ஒரு விஷயம் கவனிங்க. மூணு வண்டியுமே கிட்டத்தட்ட பதினேழடி நீளந்தான். அதுல ஒண்ணு நீளத்தை ஆளுக்குக் கொடுக்குது, இன்னொண்ணு சரக்குக்குக் கொடுக்குது. வண்டிகளை ஒப்பிடறதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரக்கு வண்டியோட குறையையும் சொல்லணும். பாரத்துக்குன்னு போட்ட முரட்டு லீஃப் ஸ்பிரிங், காலி வண்டியில தூக்கித் தூக்கிப் போடும். பின் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி, பின்னாடி பாரம் இல்லைன்னா சேத்துல சும்மா சுத்தும். இது எனக்குப் பாடமா வந்தது பல வருஷம் முன்னால ஒரு அடைமழை ராத்திரியில. அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்துத் தோட்டத்து டெம்போவுல முன்சீட்டுல அவரைச் சாய்ச்சு உக்கார வெச்சோம். பள்ளத்துக் கரையில வண்டி நின்னு போச்சு, சக்கரம் சுத்துது, நகரலை. டிரைவர் அண்ணன்தான் கத்தினார், "மூட்டையைத் தூக்கிப் பின்னாடி போடுங்கப்பா!" கொட்டாயில இருந்த உர மூட்டை எட்டை ஏத்தி, அது மேல நாங்க நாலு பேரும் ஏறி நின்னதும் சக்கரம் மண்ணைப் பிடிச்சுது. அப்பா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார்.

அந்த ராத்திரி பின்னாடி நின்ன நாலு பேரும் சட்டப்படி அங்க இருக்கக் கூடாது. சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது தப்பு. ஓசியில ஏறி வர்றவங்களுக்கு விபத்துல இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா களை எடுக்க வர்ற பொம்பளைங்க தினமும் காலையில எதுல வர்றாங்க? தார்ப்பாய்க் கம்பியைப் பிடிச்சுட்டு சரக்கு வண்டிப் பின்னாலதான் நின்னுட்டு வர்றாங்க. எத்தனை செய்தி படிச்சிருக்கோம். தங்கச்சி கேட்ட 'நான் எங்க உக்காருவேன்'ங்கறது அவளுக்கு மட்டும் உண்டான கேள்வி இல்லை.

அதனால பையன்கிட்ட மூணு கணக்குப் போடச் சொன்னேன். சந்தைக்கு ஒரு நடைக்கு எத்தனை பெட்டி? தினமும் எத்தனை ஆள் உக்காரணும்? சேறு நிக்கற நாள் வருஷத்துல எத்தனை? உக்காந்து எழுதினான். அறுபது பெட்டி, அஞ்சு ஆள், இருபது நாள்.

இருபது நாள் சேத்துக்காக அம்மா பேர்ல இருக்கற ஒண்ணரை ஏக்கரை அடமானம் வைக்கணுமான்னு அவனே கேட்டுக்கிட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. அறுபது பெட்டியும் அஞ்சு ஆளும் ஒரே வண்டியில போகணும்னா, ரெண்டு வரிசை சீட்டும் பின்னாடி ஒரு டன் பெட்டியும் இருக்கற பொலீரோ கேம்பர் மாதிரி வண்டிதான் கணக்குக்குக் கிட்ட வருது. அதுல நாலு சக்கர டிரைவும் கிடைக்குது. சொகுசு கிடையாது. பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போனா இடுப்பு பேசும். சரக்கு பெருசா இல்லாம, காபித் தோட்டமோ தென்னந்தோப்போ வெச்சுட்டு வாரா வாரம் நகரத்துல இருந்து குடும்பத்தோட வந்து போறவங்களுக்கு வி-கிராஸும் ஹைலக்ஸும் சரியான வண்டிங்க, தாராளமா வாங்கலாம். அவங்க கணக்கு வேற.

பையன் இன்னும் எதையும் புக் பண்ணலை. முதல்ல பள்ளத்துக் கரையில நாலு லோடு கிராவல் கொட்டிடலாம் மாமான்னான். நேத்து அதுக்கு ஜேசிபி சொல்லியாச்சு. வண்டி பொங்கலுக்கு அப்புறம். எது வந்தாலும் தங்கச்சி முதல்ல பின்சீட்டுல ஏறி உக்காந்து பார்த்துட்டுத்தான் முன்பணம் கொடுக்க விடுவேன்னு சொல்லியிருக்கா.