பெரில்

பெரில் என்பது பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட்டுக் கனிமம். ஆறு பட்டைப் படிகமாக விளையும். இரும்பு கலந்து நீலப்பச்சையாக இருந்தால் அக்வாமரின். குரோமியம் கலந்து கரும்பச்சையானால் மரகதம். பெரில் என்ற ஆங்கிலப் பெயர் இந்தியாவிலிருந்து போனது.

பாலியில் இக்கல்லுக்கு 'வேளுரிய' என்று பெயர். ஒலிகள் இடம் மாறிய 'வேருலிய' என்ற பிராகிருத வடிவமே கிரேக்கத்தில் 'பேருல்லோஸ்' ஆயிற்று. இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்தில் நுழைந்தது. மூலம் திராவிடம் என்று கருதுவோர் வெண்மையைக் குறிக்கும் 'வெள்' என்ற வேரைக் காட்டுவர். பேலூர் என்னும் ஊர்ப்பெயரைக் காட்டுவோரும் உண்டு. வடமொழி இலக்கணிகளோ இக்கல்லைக் குறித்த 'வைடூரியம்' என்பதை விதூரம் என்ற ஊரோடு சேர்த்தனர். கல் எடுப்பது வாலவாய மலையில், பட்டை தீட்டுவது விதூரத்தில் என்று பதஞ்சலி தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. விளையுமிடம் ஒன்று, பெயர் தரும் பட்டறை வேறு.

கொங்கு நாட்டிலும் அப்படித்தான். காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அங்கே வெட்டி எடுத்தனர். பெருந்துறை வட்டத்தில், நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் அது மணியாயிற்று. 1985 முதல் கா. ராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகளில் மூலக்கல், பாதி தீட்டியது, துளையிடாதது, முடிந்த மணி என எல்லா நிலைகளிலும் கற்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர்பெற்றதாகக் கூறும் 'கொடுமணம்' இவ்வூரே என்பர். சேரநாட்டுத் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்த பாலக்காட்டுக் கணவாய்ப் பெருவழி இதை ஒட்டிச் சென்றது. பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கும் என்று கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். கல்லோடு பெயரும் கப்பலேறியதில் வியப்பில்லை.

ஐரோப்பாவில் பொருள் விரிந்தது. இடைக்காலத்தில் தெளிந்த படிகம் எதற்கும் இப்பெயர் வழங்கியது. அத்தகைய படிகத்தில் பார்வை வில்லைகள் தேய்த்ததால், ஜெர்மனில் மூக்குக்கண்ணாடிக்கு 'பிரில்லே' என்ற பெயர் நிலைத்தது. ஒளிர்வதைக் குறிக்கும் 'பிரில்லியன்ட்' என்ற சொல்லையும் இதன் வழி வந்ததாகப் பலர் கொள்வர். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் இக்கல்லில் புதுத் தனிமம் ஒன்றைக் கண்டார். அதன் சேர்மங்கள் இனித்ததால் முதலில் 'குளுசினியம்' என்றனர்; பின்னர் பெரிலியம் என்பதே உறுதியாயிற்று.

தமிழிலும் பொருள் நகர்ந்தது. இன்று நவரத்தினங்களில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல். அது கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். பழைய நூல்களில் வைடூரியம் வருமிடமெல்லாம் பூனைக்கண் என்று உரை எழுதுவது பொருந்தாது. பல இடங்களில் அது பெரிலையே சுட்டுகிறது.