முதுகில் கட்டிய துணி

குழந்தையோடு வெளியூர் கிளம்பினால் நான் முதலில் எடுத்துவைப்பது தோளில் மாட்டும் குழந்தைப் பையைத்தான். இரண்டு கையும் காலியாக இருந்தால்தானே பெட்டியைத் தூக்க முடியும்?

1960களின் தொடக்கத்தில் ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் 'பீஸ் கோர்' தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அங்கே பெண்கள் பிள்ளையை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். ஊர் திரும்பி மகள் பிறந்ததும் மூரும் அப்படிக் கட்டிப் பார்த்தார், பிள்ளை நழுவியது. பிறந்ததிலிருந்தே முடிச்சைப் பார்த்து வளர்ந்த கை அல்லவே அது! அவருடைய அம்மா லூசி ஆக்கர்மன் பட்டை வைத்துப் பையாகத் தைத்துக் கொடுத்தார். அதுதான் 'ஸ்னக்லி'. 1969இல் காப்புரிமையும் கிடைத்தது.

எங்கே கற்றோம் என்பதை மூர் மறைக்கவில்லை. ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் டோகோ பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. எனக்கு அந்தப் பெயர்கள் வேண்டும்.