திருவிழாக் கடை புல்லாங்குழல் வகுப்புக்குப் போதுமா?

தஞ்சாவூர்ல பிள்ளையைப் புல்லாங்குழல் வகுப்பில் சேர்த்தாச்சு. திருவிழாக் கடையில் வாங்கின குழலே போதுமா? பெரும்பாலும் போதாது. பிரச்னை விலை இல்லை, சுருதி. சுருதி சேராத குழலை ஊதிட்டு, தனக்கு ஞானமே இல்லைன்னு பிள்ளை ஒதுங்கிடும்.

கும்பகோணம் சரப சாஸ்திரி கச்சேரி மேடை ஏற்றிய, 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்த மாலி கொண்டாடப்பட்ட கர்நாடகக் குழலில் விரலுக்கு 8 துளைகள். 6 துளை பான்சுரி வாங்கினா, வகுப்பில் சொல்ற விரல் பிடிப்பு ஒத்து வராது.

எந்தக் கட்டைன்னு ஆசிரியர்கிட்ட முதல்ல கேளுங்க. 1 கட்டைக் குழல் நீளம். சின்ன விரல் எட்டாது. 5 கட்டை கைக்கு அடக்கம்.

கடையில், ஊதும் துளைக்கு அடுத்த 2 விரல் துளைகளை மட்டும் மூடி ஊதினா 'ச'. மொபைல் தம்புரா ஆப்போட ஒத்துப் பாருங்க. அதே விரலில் காற்றை இறுக்கினா மேல் 'ச' வரணும். ரெண்டும் சேரலையா, வாங்காதீங்க. ஊதத் தெரியாதவங்க, தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போங்க.

மூங்கில் சித்திரை வெயில்ல விரிசல் விடும். துளை சரியா இருந்தா பி.வி.சி. குழலும் பயிற்சிக்கு ஓகே. நாதம்தான் கொஞ்சம் வறட்சி. முதல் சில நாள் வெறும் காத்துதான் வரும், தலைகூடச் சுத்தும். அதுக்காகக் குழலை மாத்தாதீங்க.