நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ

நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ என்பது நீர்த்தாரையின் உந்துகையால் இயங்குவதும் ஒருவர் மட்டும் நின்றவாறு செலுத்துவதுமான சிறிய விசைக்கலம் ஆகும். இதற்கு இருக்கை கிடையாது. கலத்தின் பிற்பாதியில் உள்ள திறந்த தட்டில் ஓட்டுநர் முழந்தாளிட்டோ நின்றோ இருப்பார். முன்புறம் கீல் வைத்துப் பொருத்திய நீண்ட கம்பத்தின் நுனியில் உள்ள கைப்பிடியே அவருக்குப் பிடிமானமும் திசைதிருப்பியும் ஆகும். "ஜெட் ஸ்கீ" என்பது சப்பானின் காவாசாகி நிறுவனத்துக்கு உரிய வணிகப் பெயர். எனினும் மக்கள் வழக்கில் எல்லா நிறுவனக் கலங்களையும் இப்பெயராலேயே அழைக்கின்றனர்.

தமிழ்நாட்டில் "வாட்டர் ஸ்கூட்டர்" என்று வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அமர்ந்து ஓட்டும் வகையாகும். இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு மாட்டுவண்டிக்கும் மிதிவண்டிக்கும் உள்ளது போன்றது. அமர்ந்து ஓட்டும் கலம் அசையாதபோதும் ஆளைத் தாங்கி நிற்கும். நின்று ஓட்டும் கலம் ஓடினால்தான் நிலைநிற்கும். உடல் எடை மிகுந்தோர் முதற்கலத்தைத் தெரிவு செய்யும்போது எதிர்கொள்ளும் இடர்களுக்கு இதுவே அடிப்படை.

வரலாறு

அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்சன் 1960களில் இத்தகைய கலத்தை வடிவமைத்தார். அவருடைய கருத்தைப் பயன்படுத்தி, கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் 1968இல் சீ-டூ என்னும் அமர்ந்து ஓட்டும் கலத்தை வெளியிட்டது. அது விற்பனையில் வெற்றி பெறவில்லை. பின்னர் ஜேக்கப்சன் காவாசாகியுடன் இணைந்து பணியாற்றினார். அந்நிறுவனம் 1973இல் நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயை அறிமுகப்படுத்தியது. யமகா நிறுவனத்தின் சூப்பர்ஜெட் 1990இல் வந்தது.

இவை பல ஆண்டுகள் ஈரடிப் பொறிகளையே கொண்டிருந்தன. ஈரடிப் பொறி எடை குறைந்தது. ஆகவே கலத்தையும் சிறிதாகக் கட்ட முடிந்தது. அமெரிக்காவின் புகை வெளியேற்ற விதிகள் கடுமையானதை அடுத்து 2011ஆம் ஆண்டோடு காவாசாகியின் 800 எஸ்எக்ஸ்-ஆர் நிறுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டு மாதிரியாக 1498 கன செ.மீ. நாலடிப் பொறியுடன் புதிய எஸ்எக்ஸ்-ஆர் வந்தது. 2021ஆம் ஆண்டு மாதிரியில் சூப்பர்ஜெட்டும் நாலடிப் பொறிக்கு மாறியது. நாலடிப் பொறியின் எடையைத் தாங்க உடற்பகுதியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சூழல் கருதிச் செய்த இம்மாற்றத்தால், எதிர்பாராத விதமாக, கனத்த உடலினருக்கு ஏற்ற கலங்களும் கிடைத்தன.

இயங்கும் முறை

பொறி சுழற்றும் சுழலி, அடிப்பகுதியில் உள்ள திறப்பின் வழியே நீரை உறிஞ்சிப் பின்புறக் கூம்புக்குழாய் வழியாக விசையுடன் வெளியேற்றும். கைப்பிடியைத் திருப்பினால் கூம்புக்குழாய் திரும்பும். இக்கலத்துக்குத் தனிச் சுக்கான் இல்லை. எனவே விசைமுடுக்கியை விட்டுவிட்டால் வேகம் மட்டுமன்றித் திருப்பும் ஆற்றலும் போய்விடும். எதிரே தடையைக் கண்டு அஞ்சும் புதியவர் இயல்பாகவே முடுக்கியைத் தளர்த்துவார். கலம் நேராகச் சென்று அதன்மீதே மோதும்.

எடையும் மிதப்பும்

கலம் நின்றிருக்கும்போது ஆர்க்கிமிடீசு விதி மட்டுமே அதைத் தாங்குகிறது. 140 கிலோகிராம் கலத்தில் 70 கிலோகிராம் எடையுள்ளவர் ஏறினால் 210 லிட்டர் நன்னீர் இடம்பெயர வேண்டும். 110 கிலோகிராம் எடையுள்ளவர் ஏறினால் 250 லிட்டர் தேவை. நீர்மட்டத்தில் கலத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டர் எனக் கொண்டால், கூடுதலான 40 லிட்டருக்குக் கலம் இன்னும் 4 செ.மீ. அமிழும். சுமை முழுவதும் பின்தட்டில் இருப்பதால் பின்பகுதி இதைவிட ஆழமாக அமிழ்ந்து, முன்பகுதி வானை நோக்கி எழும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு மிகுதி. அதனால் கிடைக்கும் உதவி மேற்கண்ட கணக்கில் 6 லிட்டரே.

வேகம் கூடியதும் நிலைமை மாறுகிறது. அடிப்பரப்பில் மோதும் நீர் கலத்தை மேலே தூக்க, அது நீரின்மேல் வழுக்கி ஓடுகிறது. அந்நிலையில் 110 கிலோகிராம் எடையுள்ளவரும் சிறிய கலத்தில் நன்றாகவே ஓட்டலாம். சிக்கல் அந்த நிலையை எட்டும் முதற் சில விநாடிகளில்தான் உள்ளது. பழகியவர் இதை நொடியில் கடந்துவிடுவார். புதியவரோ ஒரு நாளில் ஐம்பது முறை விழுந்து, ஐம்பது முறை அதே விநாடிகளைக் கடக்க வேண்டும். தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் சிறிய கலத்தில் எளிதாக ஓட்டுவதைப் பார்த்து அதையே வாங்குவது இதனால்தான் பிழையாகிறது.

அகலமும் முதன்மையானது. நீளம் ஒன்றாக இருப்பின், பக்கவாட்டுச் சாய்வை எதிர்க்கும் தன்மை அகலத்தின் மூன்றாம் அடுக்கிற்கு ஏற்பக் கூடும். 68 செ.மீ. அகலக் கலத்தை விட 76 செ.மீ. அகலக் கலத்தில் இது ஏறத்தாழ 1.4 மடங்கு. எட்டு செ.மீ. என்பது கடையில் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத வேறுபாடு.

மாதிரிகள்

1980களின் காவாசாகி 550 போன்ற பழைய கலங்கள் மலிவானவை, ஆனால் மிகக் குறுகலானவை. 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட புதியவருக்கு அவை ஏற்றவையல்ல. 2008 முதல் 2020 வரை வந்த சூப்பர்ஜெட் ஏறத்தாழ 224 செ.மீ. நீளமும் 68 செ.மீ. அகலமும் 139 கிலோகிராம் எடையும் கொண்டது. திருப்பங்களில் அது மிகச் சிறந்தது. கற்கும் கனத்த உடலினருக்கு அச்சிறப்பால் பயனில்லை.

2003 முதல் 2011 வரையிலான 800 எஸ்எக்ஸ்-ஆர் ஏறத்தாழ 73 செ.மீ. அகலம் உடையது. பழைய கலம் வாங்குவோருக்கு இதுவே பொருத்தமான இடைநிலைத் தெரிவு. 2021க்குப் பிந்தைய சூப்பர்ஜெட் 243 செ.மீ. நீளமும் 76 செ.மீ. அகலமும் உடையது, கற்போருக்காகப் பொறியின் ஆற்றலைக் குறைக்கும் பயிற்சி நிலையும், நீளத்தை மாற்றத்தக்க கைப்பிடிக் கம்பமும் இதில் உள்ளன. நெட்டையானவருக்குப் பின்னது மிகவும் பயன்படும். கம்பம் குட்டையாயின் முதுகு வளைந்து விரைவில் சோர்வு வரும்.

1498 கன செ.மீ. எஸ்எக்ஸ்-ஆர் ஏறத்தாழ 265 செ.மீ. நீளமுள்ளது. மிதப்பில் இதுவே முதலிடம். ஆனால் இதன் எடை 250 கிலோகிராம். நீரில் சுமையைத் தாங்கும் இக்கலத்தைக் கரையில் ஒருவர் தனியே நகர்த்த இயலாது. 150 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பொறி என்பதால் முடுக்கியை மென்மையாகக் கையாளப் பழகுதல் கட்டாயம். எந்தக் கலமாயினும் உரிமையாளர் கைநூலில் உள்ள சுமை வரம்பை முதலில் பார்க்க வேண்டும்.

ஏறும் முறையும் பாதுகாப்பும்

ஆழ்நீரில் பின்புறமாக வந்து மார்பைத் தட்டின்மீது கிடத்தி, கால்கள் நீரில் இழுபட, மெதுவாக முடுக்க வேண்டும். கலம் வழுக்கத் தொடங்கிய பின்னரே முழந்தாளிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழ வேண்டும். அமிழ்ந்த நிலையிலேயே எழ முயல்வதுதான் பெரும்பாலானோர் கவிழக் காரணம்.

விழும் ஓட்டுநர் தாரைக்கு நேர்பின்னால் செல்ல நேரிட்டால், விசையுடன் வரும் நீர் உடலின் கீழ்த்துவாரங்களுள் புகுந்து கடுமையான உட்காயங்களை ஏற்படுத்தக்கூடும். மெல்லிய துணியாலான நீச்சலுடை இதைத் தடுக்காது. நீரில் அணியும் தடித்த ரப்பர்க் காற்சட்டையை உற்பத்தியாளர்கள் வலியுறுத்துகின்றனர். மிதவைச் சட்டையை எடையைக் கொண்டன்றி மார்புச் சுற்றளவைக் கொண்டே தெரிவு செய்ய வேண்டும். வார்களைப் பூட்ட முடியாத சட்டை விழுந்தவுடன் கழன்றுவிடும். பொறியை நிறுத்தும் கயிறு எப்போதும் மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

திண்டுக்கல் பகுதியில்

திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் கடற்கரை அற்றவை. இதே மாவட்டத்தின் மலைப்பகுதியில் உள்ள கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்சு என்னும் ஆங்கிலேய அதிகாரியால் உருவாக்கப்பட்டது. அது துடுப்புப் படகுகளுக்கும் மிதிபடகுகளுக்கும் பெயர்பெற்றது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரின் குடிநீர் ஆதாரம். ஈரடிப் பொறி தன் எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே நீரில் விட்டுவிடும். அமெரிக்காவின் தாகோ ஏரியில் கார்புரேட்டர் பொருத்திய ஈரடிப் பொறிகள் 1999இல் தடைசெய்யப்பட்டதற்கும் இதுவே காரணம். குடிநீர்த் தேக்கத்தில் இத்தகைய கலத்தை இறக்க நினைப்பதே தகாது.

சமவெளிக் குளங்களும் கண்மாய்களும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறைந்தாலும் பெரும்பாலும் ஆழமற்றவை. மூழ்கிய கருவேல முட்களும் நீர்க்கொடிகளும் உறிஞ்சு திறப்பை அடைத்துவிடும். குறைந்தது ஒரு மீட்டர் ஆழமாவது இருத்தல் நலம். தவிர, இயந்திர விசையால் இயங்கும் உள்நாட்டுக் கலங்களுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கூறுகிறது.

ஆகவே இப்பகுதியினர் கடலோரத்துக்கே செல்ல வேண்டியுள்ளது. தென்கிழக்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால் அங்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, முதலியார்குப்பம் ஆகிய இடங்களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைகள் இருக்கின்றன. நின்று ஓட்டும் கலத்தை வாங்க எண்ணுபவர், இத்தகைய இடங்களில் கிடைக்கும் அமர்ந்து ஓட்டும் கலத்தில் முதலில் சில மணிநேரம் முடுக்கியையும் திருப்பத்தையும் பழகிக்கொள்ளலாம்.